மாப்பிள்ளைக்கு முதுகு காட்டி ஒரு கப்பல் பயணம்

ம்டிட்டோ அண்டே,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும்.

அன்பு மகள் மும்புவாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் கோழிகளும் சுகம். கோழிகள் எங்களோடு கப்பலுக்கு வரவில்லைதான், ஆனாலும் நாங்கள் இல்லாத வாரத்தில் பக்கத்து வீட்டு நாயிடம் அவை பட்ட பாட்டைக் கேட்டபின் அவற்றையும் சேர்த்தே ஸ்தோத்திரம் சொன்னேன். நீயும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் அந்த ஜெனோவா குளிரில் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். பிரசவத்துக்கு வருவாயா மாட்டாயா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். பதில் கடைசியில் இருக்கிறது, நடுவில் தாண்டிப் போய்ப் படிக்காதே, எனக்குத் தெரிந்துவிடும்.

வரமாட்டேன் என்று நான் சொன்னது உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. இரண்டே அறை வீடு, அந்த மாதம் உன் வீட்டுக்காரர் முசெம்பியும் கப்பல் வேலையில் விடுப்பு எடுத்து வந்திருப்பார் என்கிறாய். மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக்கூடாது, வழியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் புதருக்குள் விலகவேண்டும், இது நம் கம்பா இனத்து வீடுகளில் இருக்கிற ந்தோனி விலக்கு, நான் இன்று உண்டாக்கியது அல்ல. இந்தக் காலத்திலுமா அம்மா என்று நீ சிரித்தாய். பாஸ்டரிடம் கேட்டேன், வேதத்தில் அப்படி எதுவும் இல்லை என்றார், ஆனால் அவருடைய மாமியார் போன மாதம் சபைக்கு வந்தபோது அவர் பிரசங்க மேடைக்குப் பின்னால் குனிந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை ஆட்டைத் தன் கையால் ஓட்டிவந்து, வெட்டி, எல்லாரும் சேர்ந்து தின்று, என் தோளில் ஒரு துணியைப் போட்டால் விலக்கு தீர்ந்தது. பணமாக அனுப்பட்டுமா என்று கேட்டாய். பணத்துக்கு நாலு கால் உண்டா? அவரோ வருஷம் முழுக்கக் கடலில். இதற்கிடையில், ஒரு வாரம் கடல் பார்த்து வாருங்கள் என்று, ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் சீட்டில் எங்களை அவர் கப்பலிலேயே நீ ஏற்றிவிட்டாய். அவர் கீழே சமையல்கட்டில் இருப்பார், உன் கண்ணிலேயே படமாட்டார் என்று சொன்னாயே, அதற்கு நீ தனியாக ஜெபம் பண்ணிக்கொள்.

மொம்பாசாவில் ஏணிப்படி ஏறி மேலே கால் வைத்தேன், வெள்ளைக் கோட்டும் பொன் பொத்தானுமாக ஜூஸ் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பது யார் என்கிறாய், உன் முசெம்பிதான். நான் தோளில் கிடந்த லேசோத் துணியால் முகத்தை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பினேன், அவர் தட்டோடு அந்தப் பக்கச் சுவருக்குத் திரும்பினார், பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் இதுதான் இந்த ஊர் வரவேற்பு போலிருக்கிறது என்று அவர்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள். சாப்பாட்டு மேசைக்கும் அவர்தான் பரிமாறுபவர். நான் மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே ஒரு வாரம் சாப்பிட்டேன். அவர் ஒரு முழம் தள்ளி நின்று, மாமா, அந்த அட்டைக்குப் பின்னால இருக்கிறவங்களுக்கு சூப் வேணுமான்னு கேளுங்க என்பார், நான் உன் அப்பாவிடம், உப்புக் கம்மியா இருந்தா போதும்னு அந்தத் தூண்கிட்ட சொல்லுங்க என்பேன். உன் அப்பாவுக்கு இதில் கிடைத்த ஆனந்தம் சொல்லி முடியாது. நான் சூப் என்றால் அவர் மாட்டு நாக்கு என்று சொல்லிவிடுவார். கப்பல் மூழ்கினால் எப்படித் தப்புவது என்று ஒரு பயிற்சி வைத்தார்கள், எனக்கு மிதவைச் சட்டை கட்டிவிட வந்ததும் முசெம்பிதான், நான் மூழ்கிக்கொள்கிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

எங்கள் மேசையில் ஓர்னெல்லா என்று ஒரு விதவை, உங்கள் இத்தாலிக்காரிதான், நல்ல மனசு, ஓயாத வாய். அந்தப் பையன் உன்னை என்ன பண்ணினான், சொல்லு, நான் கேப்டன்கிட்ட பேசறேன் என்று தினமும் என்னைக் குடைந்தாள். சான்சிபாரில் இறங்கிக் கிராம்பு வாங்கப் போனால் அங்கேயும் அவர், நான் மீன் கடைக்குள் ஒதுங்கி அன்று முழுக்க நாறினேன். நோசி பே தீவில் லெமூர் என்று ஒரு ஜந்து ஓர்னெல்லாவின் தலையில் ஏறி உட்கார்ந்து, என் முகத்தை வெட்கமில்லாமல் உற்றுப் பார்த்தது. இதுக்கு மாமியாரே கிடையாது போலிருக்கு என்றார் உன் அப்பா.

இனிமேல்தான் விஷயம். கடைசி நாள் கப்பல் மொம்பாசாவுக்குத் திரும்பி, சாவோ காட்டுக்கு எல்லாரையும் வேனில் அழைத்துப் போனார்கள். வழிகாட்டி சிப்பியைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டானாம், இந்தப் பக்கத்துப் பையன்தானே என்று முசெம்பியை அனுப்பிவிட்டார்கள். அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு, கண்ணாடியில் முகம் தெரிந்ததால் என் கைக்குட்டையை அதன்மேல் மாட்டச் சொன்னேன். டிரைவர் ஒமாரி, அம்மா, பின்னால லாரி வந்தா உங்க மாப்பிள்ளைதான் பொறுப்பு என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான். யானைக் கூட்டம் வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், எனக்கோ யானை மிதித்துப் போட்ட நம் தட்டைப்பயறுத் தோட்டம்தான் ஞாபகம், கை தானாகத் தட்டிவிட்டது, ஓடு ஓடு என்று ஒரு சத்தமும் போட்டுவிட்டேன். பரம்பரையாக என் போன்றவர்களிடம் பட்ட யானைகள்தானே, மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டன. ஜெர்மன்காரர்கள் அதன்பின் என்னோடு பேசவில்லை.

சாப்பிட இறங்கிய இடத்தில் நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்புகிறேன், ஒற்றையடிப் பாதையில் எதிரே முசெம்பி. யோசிக்க நேரம் ஏது, வளர்ந்த விதம் அப்படி, அவர் இடப்பக்கப் புதரில் பாய்ந்தார், நான் வலப்பக்கம் பாய்ந்தேன். என் பக்கம் முழுக்கக் கொக்கி முள். லேசோ, பாவாடை, தலைமுடி எல்லாம் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் பத்தடியில் ஒரு காட்டெருமை, வாயில் புல், கண்ணில் நான். ஏசுவே என்று ஒரு சத்தம்தான் வந்தது. முசெம்பி ஓடி வந்தார், ஆனால் எப்படி என்கிறாய், என் முகத்தைப் பார்க்கக்கூடாதே, முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, ஒரு நீளக் கம்பைத் தன் தோளுக்கு மேலாக என் பக்கம் நீட்டிக்கொண்டு. மாமா, அவங்களைக் கம்பைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க என்று கத்துகிறார். உன் அப்பா மேசைமேல் ஏறி நின்று, வாயில் கோழிக்கால், கம்பைப் பிடியாம் கலோண்டு என்று என் பேரைச் சொல்லிக் கத்துகிறார். எந்த முனைன்னு கேளுங்க என்று நான். மாமா, என் கையில இல்லாத முனைன்னு சொல்லுங்க என்று அவர். எருமை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. கம்பைப் பிடித்து இழுத்தேன், கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன், அவர் மல்லாந்து என்மேல் விழுந்து, இரண்டு பேரும் உருண்டு, எழுந்தபோது மூக்கோடு மூக்கு. அந்த எருமை தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது மும்புவா, அதற்கு இருந்த கூச்சம் எங்களுக்கு மிச்சமில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கே தெரியும், விலக்கு தீராமல் தொட்டுவிட்டால் ஆடு கொடுத்துத் தீர்க்கும்வரை அந்த வீட்டுப் பிள்ளையைக்கூட நான் தூக்கக்கூடாது. கப்பல் அன்று சாயங்காலமே கிளம்புகிறது, அடுத்து அவர் இந்தப் பக்கம் வரும்போது உன் பிள்ளை தவழ ஆரம்பித்திருக்கும். முசெம்பி மண்ணைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார், மாமா, இங்க பக்கத்துல ஆடு எங்க கிடைக்கும்? உனக்குக் கப்பல் போயிடுமே என்றார் உன் அப்பா. வேலை போனா வேற வேலை மாமா, எம் பிள்ளைக்கு வேற பாட்டி ஏது என்றார் அவர். நான் முள்ளை எடுப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மவுங்கு சந்தையில் ஒரு கிடாய் வாங்கினோம். அது ஓர்னெல்லாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு அவளுடைய சுற்றுலா வரைபடத்தை மொம்பாசாவிலிருந்து மடகாஸ்கர் வரை தின்றது. சிங்கத்தை இரண்டு படம் எடுத்த ஜெர்மன்காரர்கள் இதை இருபது எடுத்தார்கள். ஆட்டை மாமனார் வீட்டு வாசலுக்கு ஓட்டிவரவேண்டும், வீடு எங்கே? உன் அப்பா ரோட்டோர இறைச்சிக் கடை முன்னால் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் உட்கார்ந்த இடம் என் வீடு, வரச்சொல் என்று பெரிய மனுஷத் தோரணையில் கனைத்தார். ஆடு வரமாட்டேன் என்றது, முசெம்பி முன்னால் இழுக்க, ஓர்னெல்லா பின்னால் தள்ள, ஒமாரி ஹாரன் அடிக்க, ஒருவழியாக வந்து சேர்ந்தது. சுட்டுத் தின்றோம், வேன் முழுக்கத் தின்றது. தோளில் போடத் துணி இல்லை, அவர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, முதல் தடவையாக, அத்தை என்றார். நிமிர்ந்து பார்த்தேன். நல்ல முகம்டி. இடது காது மட்டும் கொஞ்சம் விரிந்திருக்கிறது, பிள்ளைக்கு அது வராமல் இருக்க ஜெபிப்போம்.

கப்பல் அரைமணி நேரம் காத்திருந்தது. சிங்கத்தைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்துடுச்சு என்று ஓர்னெல்லா கேப்டனிடம் அழுதாளாம். பொய் பாவம்தான், அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்த வெள்ளைக் கோட்டை ஆடு தின்றுவிட்டது என்றும் அவளே சொல்லிவிட்டாளாம், இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் சபைக்குப் போனேன், இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டுக் கணக்கில் ஆட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை, போக்குவரத்தில் போட்டிருக்கிறேன்.

ஆகையால் வருகிறேன். டிக்கெட் எடு, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே எடு. ஆனால் ஒன்று மும்புவா, இந்தப் பையன் இவ்வளவு பேசுவார் என்று நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? மவுங்குவில் திறந்த வாய் துறைமுகம்வரை மூடவில்லை, இப்போது கரை தட்டும் ஊரிலெல்லாம் இருந்து போன் பண்ணி, அத்தை, இன்னிக்கு என்ன குழம்பு என்று ஒரு மணிநேரம் கேட்கிறார். விலக்கை எடுக்க ஒரு ஆடு போதும், திரும்ப வைக்க எத்தனை ஆடு என்று உன் அப்பாவைப் பெரியவர்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வயிற்றுக் கனியை ஆசீர்வதிப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடக்காதே. நான் வந்து படுக்கும் அறைக்குக் கதவு இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்து எழுது.

முத்தங்களோடு உன் அம்மா,
கலோண்டு.
(அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.)