பேர் வெட்டிய டப்பா

சிங்கப்பூர், 14.6.2009

அன்புள்ள எழிலரசிக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இந்த மருந்துக் கிடங்கில் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும் இயந்திரம்தான். நான் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று சாப்பாட்டு டப்பாவை மறதியாக ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டேன். எடை கூடியதால் இயந்திரம் உள்ளே வாங்காமல் திருப்பி அனுப்பியது. சிதம்பரத்துப் பாத்திரக்கடையில் இந்த டப்பாவை வாங்கியபோது நீ சொன்னாயே, “பேரு வெட்டிட்டா எங்க போனாலும் திரும்பி வந்துடும்” என்று, அது சரிதான்.

சீனக்கார சூப்பர்வைசர் லேசாகத் திட்டினார். பிறகு மூடியைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டார். “எழிலரசி” என்று படித்தேன். இங்கே வந்த ஏழு மாதத்தில் உன் பேரை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

டப்பாவை இனி உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். லீவுக்கு ஊர் வந்திருக்கும் இளவரசு மச்சான் இங்கே திரும்பும்போது அவரிடம் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பேர் வெட்டிய பாத்திரத்திலேயே கொடு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

கொளஞ்சியப்பன்