ஆறு பேருக்கும் ஒரே விடை

ஜனவரி 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் யாரும் பரீட்சை வைப்பதில்லையே. போனில் பேசினால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுசாகப் படியுங்கள்.

மறுபடியும் ஃபெயில்! அதே நேவிகேஷன் பாடம். வானத்தில் வழி கண்டுபிடிக்கிற கணக்கு. எழுபத்தைந்து வாங்கினால் பாஸ், எனக்கு எழுபத்தொன்று. போன தடவை எழுபது, அதற்கு முன்னால் அறுபத்தெட்டு. இந்த வேகத்தில் ஏறினால் ஓய்வுபெறும் வயதில் விமானி ஆகிவிடுவேன்.

ஆனால் ஒரு சேதி. திருத்துவதில்தான் கோளாறு! எப்படித் தெரியும் என்கிறீர்களா? பரீட்சை முடிந்ததும் விமானப் பயிற்சி விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் ஆறு பேரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். நர்ஸம்மா, முன்பு லாரி ஓட்டிய நெட்டை, எல்லாரும்தான். திசைகாட்டிக் கணக்கில் ஆறு பேருக்கும் ஒரே விடை. இம்மி பிசகவில்லை. ஆறு பேரும் ஃபெயில்! ஆறு பேரும் முட்டாளாக இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பாவம், நெட்டைக்கு இது நாலாவது தடவை. நாலோடு சரி. அதற்குமேல் வேண்டுமானால் பாஸான பாடமெல்லாம் ரத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம். விடுவேனா? தாளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மனுப் போடப் போகிறோம். கை பரபரக்கிறது!

உங்கள் கேப்டன்

ஜனவரி 17

அன்புள்ள கேப்டனுக்கு,

முழுசாகப் படித்தேன், இரண்டு முறை. வீட்டில் மோட்டார் பழுது, பக்கெட்டில் தண்ணீர் தூக்குகிறேன். நீ இல்லாமல் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

மனுப் போடு, தப்பில்லை. ஆனால் வருஷா வருஷம் பொதுத்தேர்வுத் தாள் திருத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வராது. ஆறு தாளில் ஒரே தப்பான விடை இருந்தால் நாங்கள் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, "இந்தப் பசங்களுக்கு யாருய்யா பாடம் எடுத்தது?" என்றுதான் கேட்போம்.

அந்தக் கணக்கை உங்கள் ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது யார்?

வாத்தியார்

ஜனவரி 25

வாத்தியாருக்கு,

நீங்கள் யார் பக்கம்?

ஊரே எனக்குப் பைத்தியம் என்றது, இந்த வயதில் விமானமா என்று. நீங்கள் ஒருவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டி ஏற்றிவிட்டீர்கள். அந்தத் தெம்பில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நீங்களும் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்!

மனு கொடுத்தாயிற்று. தாளைக் கண்ணால் பார்க்கக் கூப்பிடுவார்களாம். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எழுதுவதாக இல்லை.

பிப்ரவரி 14

கேப்டனுக்கு,

நீ எழுத மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நான் உன் பக்கம்தான். உன் பக்கம் என்பதால்தான் கேட்டேன். விமானத்தில் மேலே போன பிறகு யாரும் மறுகூட்டல் செய்து தர மாட்டார்கள்.

பாஸோ ஃபெயிலோ, ஏப்ரலில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை மட்டும் மாற்றிவிடாதே. வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிறது.

வாத்தியார்

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தேர்வு அலுவலகத்தில் என் தாளை எடுத்து வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகச் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவர் ஒரே இடத்தில் விரலை வைத்தார்.

"உங்க கணக்கெல்லாம் ரொம்பச் சுத்தம்மா. கடைசி வரியில மட்டும் கூட்ட வேண்டியதைக் கழிச்சிருக்கீங்க. இந்த மாதிரி வந்த எல்லாக் கேள்வியிலயும்."

"கிழக்குன்னா கழிக்கணுமே!" என்றேன். சொன்னதோடு விட்டேனா? பாடியே காட்டினேன். 'கிழக்கு வந்தா கழிச்சுக்கோ, மேற்கு வந்தா சேர்த்துக்கோ.' தாலாட்டு மெட்டு. நானே கட்டியது!

விஷயம் இதுதான். வரைபடத்தின் வடக்கிலிருந்து திசைகாட்டி முள்ளின் வடக்கு கொஞ்சம் கிழக்காகவோ மேற்காகவோ விலகி இருக்கும். வரைபடத்திலிருந்து முள்ளுக்குப் போனால் என் பாட்டு சரி. முள்ளிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பி வந்தால் அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். "உங்க பாட்டுக்குப் போகத்தான் தெரியுது, திரும்பி வரத் தெரியலையே," என்று அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் தெரியுமா? ஆசிரியர் இதை நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் அது நீளம், பாட்டு சின்னது. விடுதியே அதைப் பாடியது. துணி துவைக்கும்போது நெட்டை அதைத்தான் பாடுவான்.

யாரு பாடம் எடுத்தது என்று கேட்டீர்களே. நான்தான்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "நம்மளை யாரும் ஃபெயிலாக்கல. நான்தான் ஆக்கிட்டேன். என் பாட்டு தப்பு." நர்ஸம்மாவுக்குப் புரையேறிவிட்டது. "அடிப்பாவி! நான் தூக்கத்துலகூட அதைத்தானேடி பாடினேன்!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மற்ற மூவரும் ஓவென்று சிரித்தார்கள். அவர்களுக்கு இன்னும் தடவை மிச்சம் இருக்கிறது. நெட்டை சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் காலையில் அவன் அறை காலி.

திட்டிவிட்டுப் போயிருந்தாலாவது பரவாயில்லை.

உங்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னது சரியாகப் போனதுதான் எனக்கு எரிச்சல். கடைசித் தடவை பரீட்சை இந்த மாதமே வருகிறது. உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

உங்கள் கேப்டன்

மார்ச் 29

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள வாத்தியாருக்கு!

தொண்ணூற்றிரண்டு! பாஸ்! பலகையில் என் எண்ணைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சலில் வாசல் காவலாளி ஓடி வந்துவிட்டார். நர்ஸம்மாவும் பாஸ், மற்ற மூவரும் பாஸ். கூட்டலா கழித்தலா என்று ஒவ்வொரு கேள்விக்கும் படம் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். பாட்டை மறக்கத்தான் பெரும்பாடு!

இன்னொன்று. முந்தாநாள் விடுதி வாசலில் ஒரு பெட்டி. பக்கத்தில் பனைமரம் மாதிரி நெட்டை! நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"மறுபடி லாரியில ஏறி உட்கார்ந்து பார்த்தேங்க்கா. கண்ணு மேலயே போகுது. எல்லாப் பாடத்தையும் முதல்லேர்ந்து எழுதப் போறேன். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"நானா? என்னாலதானேடா உனக்கு எல்லாம் போச்சு?"

"ஆமா. உங்க மேல கோவம் இன்னும் போகல. ஆனா எங்க தப்பு வரும்னு உங்களை விட இங்க யாருக்குத் தெரியும்?"

அழுதுவிட்டேன். அவன் கையும் காலும் ஓடாமல் நின்றான். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். அவன் நேவிகேஷன் எழுதி முடிக்கிறவரை நான் இங்கேதான் இருப்பேன். ஏப்ரலில் வருவேன் என்ற வார்த்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அதை எழுதும்போதே உங்கள் முகம் தெரிகிறது.

தாள் திருத்தி முடித்தால் உங்களுக்கு லீவுதானே. கோபமாக இருந்தால் கடிதம் போடுங்கள். இல்லையென்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

தபால்காரரை எதிர்பார்க்காமல் காத்திருக்கும்,
உங்கள் கேப்டன்