பதினேழாம் நம்பர் செடியும் நைனாவின் சுகர் மிஷினும்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். சித்தூர் பஸ் முக்கால் மணி லேட். திருப்பதியில் இறங்கி லேபுக்கு ஓட்டம். குடை பஸ்ஸோடு போயிற்று.

போகட்டும். 17 பச்சை!

சர்க்கரை அதிகம் போட்ட தட்டில் முளைத்தால் சாதாரண நாற்று வெளிறிச் சுருண்டு நின்றுவிடும். 'போதும், நில்' என்று அதற்குச் சொல்லும் ஜீன் எது? மூன்று வருடத் தேடல். நான் சந்தேகப்பட்ட ஜீனை முடக்கிய செடிதான் பதினேழாம் நம்பர். அது பாட்டுக்கு இரண்டு இலை விரித்து ஜம்மென்று நிற்கிறது. மூன்று தட்டிலும்.

ஸ்ரவந்தி (பக்கத்து மேசை, தெலுங்குக்காரி) லென்ஸில் பார்த்துவிட்டு, "அப்பா, எந்த பாகுந்தி! எவ்வளவு அழகு! உன் பிள்ளைதான் போ!" என்றாள்.

என் கைடு மேடம் பார்த்தார். "வியாழக்கிழமை கமிட்டி முன்னால் வைக்கலாம்." அவர் வாயிலிருந்து அதுவே பெரிது. ஆராய்ச்சிக்கு நீட்டிப்பா, மூட்டை கட்டுவதா என்று அன்றுதான் முடிவு.

வாங்க: குடை. மார்க்கர். நைனாவுக்குத் தைலம்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். தலையில் இடி.

மழைக்கு லேபில் எறும்பு. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதையே இங்கும் செய்திருந்தேன். குளுக்கோஸ் பாட்டில், மானிட்டால் பாட்டில், இரண்டும் ஒரே தட்டில். மானிட்டாலும் வெள்ளைத் தூள்தான். ஆனால் செடி அதைச் சர்க்கரையாக மதிக்காது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது. அந்தத் தண்ணீர்த் தட்டு யோசனைக்கு அப்போது எவ்வளவு பெருமை எனக்கு!

இன்று ஸ்ரவந்தி: "ஏய், லேபிள் ரெண்டும் புதுசா இருக்கே?"

"தண்ணில ஊறிக் கழண்டுடுச்சி. நான்தான் திரும்ப ஒட்டினேன்."

"எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஞாபகத்தில் ஒட்டியதுதான்.

சாதாரண விதை போட்டது லேபிள் கழலுவதற்கு முன் ஊற்றிய தட்டில். 17 போட்டது பின்னால் ஊற்றியதில். பாதி இது, பாதி அது என்று ஒரே தட்டில் போட்டிருக்க வேண்டும். அவசரம். 17-இன் தட்டில் இருப்பது மானிட்டால் என்றால் எந்த நாற்றும் பச்சையாகத்தான் இருக்கும். மூன்று வருடம் அம்போ.

முட்டாள், முட்டாள்.

மேடமிடம் போய்ச் சொல்லிவிட்டேன். காதெல்லாம் சூடு. திட்டவில்லை. "நாளைக்குள் நிச்சயமாகத் தெரியவேண்டும். இல்லையென்றால் 17 கமிட்டிக்குப் போகாது." சர்க்கரையைச் சோதிக்கும் கிட் தீர்ந்து இரண்டு வாரம். திரும்ப விதைக்க நாள் இல்லை.

நவம்பர் 12, புதன்

காலையில் நைனா விரலைக் குத்தி மிஷினில் சுகர் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியோடு நின்றவள் கத்தியே விட்டேன். அந்த மிஷின் தேடுவது குளுக்கோஸை! மானிட்டாலைக் கண்டுகொள்ளாது!

"நைனா, மிஷின இன்னிக்கு என்னாண்ட குடு."

"இன்னாத்துக்கு? உனுக்கா சுகரு?"

"செடிக்கு."

"காலங்காத்தால கிண்டலா?" என்றார். ஆனாலும் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "உடைச்சிக்கினு வந்துடாத. வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவாண்ட எடுத்துக்கினு போவணும்."

லேப். தட்டில் உறைந்த ஜெல்லியில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு சொட்டு மிஷின் பட்டையில். முதலில் சீல் பிரிக்காத புது மானிட்டாலைக் கரைத்து: 'லோ'. சாதாரண நாற்றின் தட்டு: 'ஹை', அதாவது மிஷினால் எண்ண முடியாத அளவு.

பிறகு 17. ஐந்து விநாடி.

ஹை.

அடுத்த தட்டு, ஹை. மூன்றாவது, ஹை!

ஸ்ரவந்தி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு குதித்தாள். மேடம் மிஷினை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அவர் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

தண்ணீர்த் தட்டு வெளியே. பாட்டிலிலேயே மார்க்கரால் எழுதியாயிற்று.

நவம்பர் 13, வியாழன்

நீட்டிப்பு! ஒரு வருடம்!

கமிட்டியில் ஒருவர், "சர்க்கரைதான் என்று எப்படி உறுதி?" என்றார். லேபிள் ஊறியதிலிருந்து எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார். இலையில் சர்க்கரை தேங்கினால் செடி அதைத் தயாரிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். 17 மாதிரி, குறைக்காத வேர்க்கடலை கிடைத்தால் காய்க்குச் சர்க்கரை கூடுதலாகப் போகலாம். அடுத்து அதுதான். நைனா நிலத்தில் போடுவதும் வேர்க்கடலையே.

கெடுத்தது என் புத்தி. காப்பாற்றியதும் என் புத்தி. இன்று முழுக்கப் பெருமைப்பட்டுக்கொள்ளப் போகிறேன், யார் கேட்பது.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. புதுத் தட்டுகள், பாதி சாதாரணம், பாதி 17. விதைத்துக்கொண்டிருக்கும்போது நைனா போன், கிளினிக்கிலிருந்து.

"மிஷினு பழசெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு கீதும்மா! டாக்டரம்மா அமுக்கிப் பாத்தாங்க. நாலு ஹை. என்னப் படுக்க வெச்சி ஊசி போடப் போறாங்க!"

"அய்யய்யோ! நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? அது என் ரத்தம் இல்ல, எம் பொண்ணு வளக்கிற செடி, எவ்ளோ சக்கர போட்டாலும் அசராதுன்னேன். நர்சம்மா, வரிசைல குந்திக்கினு இருந்தவங்க, அல்லாருக்கும் சொல்லிட்டேன். டாக்டரம்மாதான் நம்பல. இந்தா, நீயே சொல்லு."

போன் கைமாறியது. "ஹலோ?" என்றது ஒரு கண்டிப்பான குரல்.

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.