பிள்ளைகளைப் பார்க்கும் பாடு

நேற்றுக் காலை பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டியபோது உன் கொண்டை ஊசி கீழே விழுந்தது. என் பாப்பா எடுத்து வாயில் வைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டேன். நீ கண்ணை மூடி ஒரு பொங்கல் தாண்டிவிட்டது. இதைத் தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

தெருப் பெண்களெல்லாம் வருடத்துக்கு ஒரு நாள் படகில் ஏரியைக் கடந்து, மணல்திட்டில் சமைத்துச் சாப்பிட்டு வரும் வழக்கத்தை நீயும் நானும்தான் தொடங்கினோம். நான் பொன்னேரியில் காலேஜ் படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். அதனால் முதல் வருடத் திட்டம் என் நோட்டில் இருந்தது. யார் அரிசி, யார் அடுப்பு, எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று எல்லாம் வரிசையாக. எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தேன். அன்று அமாவாசை, இறால் நன்றாக ஓடும் நாள். ஆண்கள் ஏரியில் இருந்தார்கள், பெண்கள் கூடையோடு கரையில் இருந்தார்கள். படகுத்துறையில் நின்றது நீயும் நானும் ஒரு தேக்சா சோறும்தான்.

எனக்கு அழுகை வந்தது. நீ சோற்றைத் திறந்து சாப்பிடவே ஆரம்பித்துவிட்டாய்.

"நீ காலண்டர்ல கெழமைய பாத்த. இங்க நெலாவ பாக்கணும்னு யாரும் சொல்லலியா?" என்றாய். அப்புறம், "நோட்டுல எழுதி வேல குடுத்தா இஸ்கூலு மாதிரி இருக்குதுடி. எவ வருவா?"

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை இங்கே குலுக்கிப்போட்டு முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். விழுந்த பாடு விழுந்ததுதான், மாற்றக் கூடாது. அடுத்த வருடம் அதை நீ எங்கள் சமையலுக்குக் கொண்டுவந்தாய். படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், சீட்டு வேண்டாம் என்று, அவரவர் மேலிருந்து ஒரு பொருளைக் குடத்தில் போடச் சொன்னாய். வளையல், ஊக்கு, ஹேர்கிளிப். ஒரு வேலையைக் கூவுவாய், கையை விட்டு ஒரு பொருளை எடுப்பாய். குழம்பு. விறகு. புருஷனைப் பற்றி ஒரு பொய் சொல்வது. "திட்டம் போடுற அன்னிக்கே சிரிக்கலன்னா, போற அன்னிக்கு வர மாட்டாளுங்க" என்பாய்.

இந்த வருடப் பொறுப்பு என்னிடம் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் தேதி கேட்டேன், அமாவாசையைத் தள்ளித்தான். எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தியும் பதில் போடவில்லை. நீ தொடங்கியது என் கையில் முடிந்துபோகுமோ என்று பயந்தேன். இன்னொன்றையும் உன்னிடம் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் என் எண்ணமாக இருந்தது. பாப்பாவைத் தண்ணீர்மேல் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை.

ஊசியைப் பார்த்தபின், நேற்றுச் சாயங்காலமே குடத்தோடு தெருக்குழாயடியில் போய் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை, குடத்தைக் குலுக்கினேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், வரும் வெள்ளிக்கிழமை என்று நாளும் முடிவானது. "இதுங்களுக்கு வேற வேல இல்ல" என்று எப்போதும் முணுமுணுக்கும் உன் மாமியாரும் வந்து சாவியைக் கழற்றிப் போட்டார். "சண்டைய தீத்து வெக்கிற பாடு" என்று நான் கூவியபோது கையில் வந்தது அந்தச் சாவிதான்.

"ஆரம்பிச்சு வெக்கிறதே அதுதான்" என்றாள் எதிர்வீட்டுக் கஸ்தூரி.

"உங்கிட்டருந்தே ஆரம்பிக்கிறேன், வாடி" என்றார் உன் மாமியார்.

சிரிப்பு அடங்கியதும் அடுத்ததைக் கூவினேன். "படகுல புள்ளைங்கள பாத்துக்கிற பாடு." வந்தது என் ரப்பர் பேண்ட்.

"மாத்திக்கலாம் கஸ்தூரி, ஒனக்கு விழுந்த கொழம்ப நான் வெக்கிறேன்."

"விழுந்தது விழுந்ததுதான். இன்னா, புதுசா கேக்குற?"

"நான் வர்றதாவே இல்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

யாரும் கோபிக்கவில்லை. உன் மாமியார் என் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். "போற வழியெல்லாம் இடுப்பளவு தண்ணிதான். நான் பக்கத்துல குந்திக்கிறேன். இன்னா பயம்?"

இன்று காலை தெருப் பிள்ளைகள் பத்துப் பேரையும் உட்காரவைத்து, படகில் என்ன விளையாடலாம் என்று அவர்களையே திட்டம் போடச் சொன்னேன். தனியாக உட்கார்ந்து எதையும் முடிவு செய்யாமல் இருப்பது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் கத்திவிட்டு ஒரு சட்டம் வைத்தார்கள்: கரை சேரும்வரை எழுந்து நிற்பவர் அவுட். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீங்களும்தான் அத்த" என்றாள் கஸ்தூரியின் மகள்.

பயம் போகவில்லை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏறுகிறேன். பதறி எழுந்தால் நான்தான் முதல் அவுட்.