முக்கால் டம்ளர் தண்ணீர்

அன்புள்ள டீச்சருக்கு,

"நீங்க வேலையை விட்டு அனுப்புறவங்ககிட்ட முதல்ல என்னங்க சொல்லுவீங்க?" என்று ஒருமுறை கேட்டாய். எதுவும் சொல்லமாட்டேன், முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைப்பேன் என்றேன். "வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தழை காட்டுற மாதிரியா?" என்று சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. கம்பெனிக்கும் மனசு உண்டு என்பதற்கு நான் எல்லோருக்கும் காட்டிய உதாரணம் அந்தத் தண்ணீர்தான். புதிதாக வரும் மேனேஜர்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன்: டம்ளரை முக்கால் அளவுக்கு நிரப்புங்கள், வாங்குகிறவர் கை நடுங்கினாலும் சிந்தாது.

நேற்று மாலை, நான் ஆட்களை அப்படி அனுப்பும் கண்ணாடி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம் வேலை கற்றவன்தான் எதிரே இருந்தான். "உக்காருங்க சார். முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றான். டம்ளரில் முக்கால் அளவு இருந்தது.

சிந்தாமல் குடித்தேன். நீ சொன்ன தழை நினைவுக்கு வந்தது. அவன் பேசியதெல்லாம் காதில் விழுந்தது, எதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னமே வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது. "நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன்ப்பா" என்றேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

இன்று காலையும் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். நீ தூங்குகிறாய். வாயால் சொல்ல வரவில்லை, எழுதி வைத்துவிட்டு நடக்கப் போகிறேன்.

திரும்பி வந்ததும் தண்ணீர் மட்டும் கொடுக்காதே. எப்போதும் போல, "ஷூவைக் கண்ட இடத்துல விடாதீங்க" என்று சத்தம் போடு.

உன் வீட்டுக்காரன்