வானேறி எழினி பாகற்பந்தலில் விழுந்தது பற்றி நீலக்குடி அரசியாருக்கு வரைந்த ஓலை

நலம் நிறைக. பயிர் தழைக்க. குன்றுறை அம்மையின் திருவடி நிழல் ஆற்றின் இரு கரைமேலும் ஒருசேரப் படிக.

பாலிகையாற்றின் வடகரை முழுதும் வழுவாது காப்பவரும், ஏற்றக்காரர் பாட்டு முடியும்வரை தேரை நிறுத்திக் கேட்டுச் செல்பவரும், பகைவரே ஆயினும் பசித்து வந்தவருக்குச் சோறிட்ட பின்னரே வாளை உருவுபவருமாகிய நீலக்குடி நாட்டரசியார் செண்பகமாதேவியார் திருமுன்புக்கு, தென்கரையில் செங்கழனி நாடாளும் கோப்பெரும்பூதனார் திருவுளப்படி, அவர்தம் ஓலைநாயகம் நன்னாகன் பணிந்து வரைந்த ஓலை. தேவியார் நலம், குடிகள் நலம், கன்று காலிகள் நலம் அறிய அவா. இங்கு மழை நலம். மற்றவை அவ்வளவு நலமில்லை, அதனாலேயே இவ்வோலை.

தங்கள் தூதர் எம் அவையில் கேட்ட கேள்வி ஒன்றே. தங்கள் அரண்மனைக் கொடியைக் கவர வந்த எங்கள் வானேறி எழினியார், தாமே வந்தாரா, ஏவப்பட்டு வந்தாரா என்பது. தாமே வந்தார் எனில் கொடிக்கள்வருக்குத் தங்கள் நாட்டில் உரிய உயிர்த்தண்டம் அவருக்கு. ஏவப்பட்டார் எனில் ஏவிய நாட்டின்மேல் படையெழுச்சி. எழினியாரோ, "கொடியை எடுக்கத்தான் வந்தேன்" என்று தங்கள் காவலரிடம் ஒப்புக்கொண்டு, ஏவியவர் யார் என்றதும் வாயை மூடிக்கொண்டார். விடை ஒரு சொல்லில் முடியக்கூடியதுதான். ஆயினும் அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பினால், தாங்கள் விடையை அறிவீர்களேயன்றி எழினியாரை அறியமாட்டீர்கள். தங்கள் அனுமதி பெற்று ஓலைநாயகம் அக்கரைக்கு வந்து, அவர் கட்டிலருகே அமர்ந்து, அவரைப் பேணும் மாசாத்தியார் ஊற்றிய கஞ்சியையும் குடித்து, கேட்டறிந்த அனைத்தையும் ஈண்டு விரிக்கிறார்.

வானேறி என்பது எம் நாட்டில் ஒரு பதவி. அம்மையின் அருளால் வானில் எழும் ஆற்றல் யாருக்கு வாய்க்கிறதோ அவருக்கு அது உரியது. எழினியாருக்கு அது மாடு மேய்க்கும் வயதில் வாய்த்தது. ஓடிப்போன கன்றைத் துரத்தி ஓடியவர், கன்று நின்ற பிறகும் நிற்கத் தெரியாமல் புளியமரத்துக்கு மேலே போய்விட்டார். அதன்பின் மதங்கொண்ட யானையைத் துதிக்கையைப் பிடித்துத் தூக்கி ஆற்றில் குளிப்பாட்டியதும், உடைந்த மதகின் குறுக்கே தாமே படுத்து ஏரியைக் காத்ததும் தேவியார் செவிக்கும் எட்டியிருக்கும்.

பதவியோடு அவருக்கு ஒரு சங்கடமும் வந்தது. எம் நாட்டில் முகக்குறி அவை என்று ஒன்று உண்டு. வானேறியின் முகத்தில் தோன்றும் ஒவ்வொரு குறியும் நாட்டுக்கு அம்மை அனுப்பும் செய்தி என்பது அவ்வவையோரின் நம்பிக்கை. வாய்ச்சொல்லைவிட முகக்குறியே மெய் என்பது அவர்கள் நூலின் முதல் விதி. ஆகவே வானேறியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, பார்ப்பதோடு சரி. அவர் கொட்டாவி விட்டால் வாடைக்காற்று வரும் என்று மீனவரைக் கரையேற்றுவார்கள். பெருமூச்சு விட்டால் நாற்று விடச் சொல்லிப் பறை அறைவார்கள். ஒருமுறை கத்தரிக்காய்க் குழம்பு பிடிக்காமல் இலையைத் தள்ளி வைத்தார். ஊர் முழுவதும் அன்று நோன்பு. எழினியாருக்கு முதலில் இது சிரிப்பாகவே இருந்தது. முகம் சுளித்தால் ஒரு நாடே துள்ளுகிறதே என்று இரண்டொரு தடவை வேண்டுமென்றே புருவத்தை நெரித்தும் பார்த்திருக்கிறார். வடக்கு வாயிலை மூன்றுமுறை இடித்துக் கட்டியதன் காரணத்தை ஓலைநாயகம் இப்போதுதான் அறிந்தார்.

அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய்க் கொட்ட அவருக்கு ஓர் இடம் இருந்தது. தங்கள் கரையில் பாலிகைத்துறை ஓடக்காரர் துடியன், அவருக்கு மாடு மேய்த்த காலத்துத் தோழர். அவையில் விழுந்து வணங்கப்படும் எழினியார், மாலையானால் அத்துறையில் போய் இறங்கி, பழையசோறும் சுட்ட கருவாடும் தின்று, வயிறார ஏச்சும் வாங்கிக்கொண்டு திரும்புவார். "டேய் எழினி, வானத்துல போற பய கால்ல எங்கருந்துடா இத்தனை சேறு? மேகத்துல நடவா நடுற?" என்று துடியன் கேட்பாராம். உலகில் அவரை டேய் என்று அழைக்க மீதமிருந்த ஒரே வாய் அது.

சென்ற கார்காலத்தில் எழினியாருக்குப் புதுப் பட்டம் சூட்டும் விழா நடந்தது. கட்டியக்காரர் பழைய பட்டங்களை எல்லாம் ஓதி முடித்த பின்னரே புதியதைச் சூட்ட வேண்டும். அதுவரை வானேறி அசையாது நிற்க வேண்டும் என்பது மரபு. ஓதல் பாதியில் இருக்கையில், பாலிகையில் வெள்ளம், நடு ஆற்றில் ஓடம் சுழல்கிறது என்று வாயிலில் ஓலம் எழுந்தது. அது எழினியார் காதில் விழுந்தது. கால் தரையில் நிற்கவில்லை. முகக்குறி அவையின் தலைவர் பெருஞ்சாத்தனார் அக்கால்களை உற்று நோக்கினார். பட்டங்களைக் கேட்டு வானேறி களிப்பில் துள்ளுகிறார் என்று கண்டார். கட்டியக்காரரை முதலிலிருந்து ஓதுமாறு பணித்தார்.

எழினியார் மரபை மீறி எழுந்து பறந்தபோது காலம் கடந்திருந்தது. ஓடத்தில் இருந்தவர் அனைவரையும் துடியன் ஒருவர் பின் ஒருவராக மேலே தூக்கிக் கொடுத்தார்; எழினியார் ஏந்திக் கரை சேர்த்தார். கடைசியில் துடியனுக்காகத் திரும்பியபோது ஓடமும் இல்லை, துடியனும் இல்லை. நீர்மேல் துடுப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தேவியார் பெருந்தன்மையோடு பொறுத்தருள்க: அதன்பின் நாங்கள் செய்தது விழா. வெள்ளத்தில் அத்தனை உயிரைக் காத்தமைக்காக 'வெள்ளம் வென்றார்' என்று இன்னொரு பட்டம். அது ஓதப்படும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. அடக்கத்தால் சுருங்குகிறது என்று அதை இருமுறை ஓதச் செய்தார்கள். கண்ணில் நீர் வழிந்தது. அது அம்மையின் அருள்நீர் என்று பொற்கிண்ணத்தில் பிடித்துக் கரும்புக் கொல்லைக்குத் தெளித்தார்கள். கரும்பு நன்றாகவே விளைந்தது. அதனால் இன்னும் அழட்டும் என்று வேண்டுதல் வைத்தவர்களும் உண்டு. துடியனின் கருமாதிக்குப் போக வேண்டும் என்று அவர் வாய்திறந்தே கேட்டார். வானேறிக்குத் துக்கம் தீண்டாது, ஆகவே கருமாதி எதுவும் இல்லை என்று விடை வந்தது. மருத்துவர் பித்தம் என்று கசாயம் கொடுத்தார். புலவர் இன்னும் உரக்கப் புகழ்ந்தார். அன்பில்லாதவர் என்று எவரையும் சொல்வதற்கில்லை. கிண்ணம் ஏந்தியவர், கசாயம் காய்ச்சியவர், எல்லோரும் அவர் நலத்தையே நாடினர். ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவே.

உள்ளே கிடந்த துயரம் நாளடைவில் புளித்துக் கோபமாயிற்று. மாலைதோறும் அவர் கோட்டை உச்சியில் ஏறி வடக்கே ஆற்றைப் பார்த்து அமர்ந்தார். பல்லைக் கடித்தார். பெருஞ்சாத்தனார் இதையும் படித்தார்: வானேறி வடக்கு நோக்கிச் சினக்கிறார், வடக்கே இருப்பது நீலக்குடி, ஆகவே நீலக்குடி நமக்குத் தீங்கு நினைக்கிறது. அவையில் இது உரைக்கப்பட்டதும் தங்கள் கொடியைக் கவர்ந்து வருமாறு எழினியாருக்கு ஆணை பிறந்தது.

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எதையாவது பிடுங்கி, எதையாவது உடைத்தால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பது இறங்கும் என்று எண்ணியதாக அவரே ஒப்புக்கொண்டார். காத்தே பழகிய கைகள் அன்று முதன்முறையாக உடைக்க விரும்பிப் புறப்பட்டன. தேவியாரே, அவருடைய வீழ்ச்சி வானத்தில் தொடங்கவில்லை. அது தரையிலேயே, எங்கள் அவையில், எங்கள் எல்லோர் கண்முன்னும் தொடங்கிவிட்டது.

பாலிகைத்துறைக்கு மேலே போகையில் கீழே பார்த்தார். ஓடம் போய்க்கொண்டிருந்தது. துடியனின் மனைவி மாசாத்தியார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடுப்புப் பிடித்துப் பழகாத கையால் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓடம் நேராகப் போகவில்லை. அதைக் கண்டதும் எழினியாருக்குக் காற்று பிடிபடாமல் போயிற்று. அம்மை அளித்த ஆற்றல் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லைப்போல் இறங்கி, கரையோரம் மாசாத்தியார் போட்டிருந்த பாகற்பந்தலின் நடுவே விழுந்தார். கால் ஒடிந்தது. பந்தலும் ஒடிந்தது.

ஓடத்தைக் கரையில் மோதவிட்டு ஓடிவந்த மாசாத்தியார் முதலில் பார்த்தது பந்தலைத்தானாம். பின்பு பாகல் கொடிகளை விலக்கி ஆளைப் பார்த்தார். அவர் சொன்னதை ஓலைக்குரிய நடையில் மாற்றி எழுத ஓலைநாயகம் முயன்று, மனம் வராமல், கேட்டபடியே எழுதுகிறார்.

"பந்தல் போனாப் போவுது. நீ ஏண்டா இத்தனை நாளா வரல?"

எழினியார் அழுதார். கிண்ணம் ஏந்த அங்கே யாரும் இல்லை. தாம் பிந்திவிட்டதாகவும், மாலை போட்டுக்கொண்டு நின்றதாகவும், கை எட்டவில்லை என்றும் விட்டுவிட்டுச் சொன்னார். மாசாத்தியார் அவர் காலைத் தம் மடியில் எடுத்து வைத்து, பந்தல் மூங்கிலையே பிளந்து கட்டுப் போட்டவாறே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிந்தினது தெரியும்டா. கடைசியா கரையேறின செட்டியாரு வந்து சொன்னாரு. அந்தத் தடிப்பய எங்கயாச்சும் மாலை போட்டுக்கிட்டு நிப்பான், கழட்டிட்டு வரட்டும்னு, நீ வர்ற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு உன்னைத் திட்டித் திட்டித்தான் ஆளுங்களைத் தேத்தினாராம். சிரிச்சுக்கிட்டேதான் திட்டினாராம். நீ வந்துருவேன்னு அவருக்குத் தெரியும். வந்துட்டேல்ல?"

அதன்பின் அவர் கேட்டது கஞ்சி குடித்தாயா என்பது. இல்லை என்றார் எழினியார். இரண்டு கலயம் குடித்தார். தங்கள் காவலர் வந்து சேர்ந்தபோது அவர் அழுகையின் நடுவே சிரித்துக்கொண்டிருந்ததாகவும், கொடியைக் கவர வந்தவன் இப்படியா இருப்பான் என்று காவலர் குழம்பியதாகவும் கேள்வி.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறோம். தூதர் வந்த அன்று எம் அவை இரண்டாகப் பிரிந்தது. எழினியார் தாமே சென்றதாக விடை அனுப்பினால் நாடு தப்பும், அவர்தாம் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்றனர் சிலர். வானேறி விழவில்லை, தங்களை அச்சுறுத்தவே வேண்டுமென்று இறங்கினார் என எழுதுமாறு சொன்னார் பெருஞ்சாத்தனார். அரசர் உண்மையை அறிந்துவர ஓலைநாயகத்தை அக்கரைக்கு அனுப்பினார். திரும்பிய ஓலைநாயகம் மேலே எழுதியவற்றை எல்லாம் அவையில் எடுத்துரைத்தார். அவர் முடித்ததும் அரசர் எழுத்தாணியைத் தம் கையில் வாங்கி எழுதிய வரி இது:

எழினி தானே வரவில்லை. ஏவியது நாம். அவன் விழுந்தான், விழச் செய்ததும் நாம்.

படை எழுப்ப வேண்டுமெனில் தேவியார் எழுப்பலாம். எம் கோட்டைக் கதவு திறந்தே இருக்கும். தங்கள் கொடியைக் கவர நினைத்தமைக்கு ஈடாக எம் அரண்மனைக் கொடியை இறக்கி இவ்வோலையோடு அனுப்பியுள்ளோம். எழினியார் உயிரை மட்டும் வேண்டுகிறோம். அவரைத் திருப்பி அனுப்பக் கேட்கவில்லை. கால் கூடும்வரை, பின்பும் அவர் விரும்பும்வரை, அத்துறையிலேயே இருக்கட்டும். துடுப்புப் பிடிக்க அவருக்குத் தெரியும். வானத்தில் மீண்டும் ஏறுவாரா என்பது அம்மைக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. அவரை அங்கே எவரும் புகழாதிருக்குமாறு ஆணையிட்டால் பெரும் உதவி.

முகக்குறி அவை இன்றோடு கலைக்கப்பட்டது. எம் நாட்டில் எவர் முகம் வாடக் கண்டாலும், கண்டவர் வாய்திறந்து காரணம் கேட்க வேண்டும். விடை வரும்வரை எழுந்து போகலாகாது என்பது புதிய ஆணை. இவ்வாணையை எழுதி முடித்தபோது அரசர் முகம் வாடியிருந்ததால், அதன்படி முதலில் கேட்கப்பட்டவரும் அரசரே. முடிசூடிய நாள்முதல் எவரும் தம்மை இவ்வாறு கேட்டதில்லை என்று தொடங்கியவர், பட்டத்து யானைமேல் ஏறும்போதெல்லாம் தாம் பயந்து கண்ணை மூடிக்கொள்வது ஈறாகப் பலவும் சொல்லி முடிக்க விளக்கேற்றும் வேளையாயிற்று. காலையில் பதிய வேண்டிய முத்திரை அதனால் பிந்தியது. தூதரைக் காக்க வைத்த குற்றத்தைப் பொறுத்தருள்க.

வடகரை வாழ்க. தென்கரையும் வாழ இடம் தருக. குன்றுறை அம்மை இரு கரைக்கும் தாய்.

கதிர்க்கற்றை முத்திரை இட்டோம். கோப்பெரும்பூதனார் வாய்மொழிந்தபடிக்கு ஓலைநாயகம் நன்னாகன் எழுத்து.

ஓலை கொணர்வோருக்கு ஆணை: இதைத் தேவியார் கையிலன்றிப் பிறர் கையில் தரலாகாது. தந்தபின் பாலிகைத்துறைக்குச் சென்று, புது மூங்கில் கொண்டு பாகற்பந்தலைக் கட்டிக் கொடுத்துத் திரும்புக.

தேவியாருக்கு ஒரு விண்ணப்பம்: ஓலை கொணர்பவர் பெருஞ்சாத்தனார். ஆண்டு பலவாய் ஆய்ந்த கலையை ஒரே பகலில் இழந்தவர். முகம் வாடியே வருவார். அன்புகூர்ந்து காரணம் கேட்டருள்க.