பச்சை போகாத குப்பி

ஜூலை 7, திங்கள்

மறுபடி அந்த வாடை. மூன்று தடவை சோப்பு போட்டும் போகவில்லை. புரோப்பியானிக் அமிலம். வியர்வைச் சட்டையைப் புளித்த மோரில் ஊறவைத்தது போல இருக்கிறது. போர்ஃபிரின் வளையம் செய்ய வேறு வழிகளும் உண்டு, ஆனால் எங்கள் லேபுக்குக் கட்டுப்படியாவது இதுதான். தார் மாதிரி கறுப்பாகக் கொதிக்கும். ஆறவிட்டு வடிகட்டினால் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் மினுமினுவென்று படிகங்கள். அதைப் பார்த்த நிமிடம் எனக்கு வாடை மறந்துவிடும். திருத்தணி ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மறக்காது. சென்னையிலிருந்து மணவூர் தாண்டும்வரை என் பக்கத்து இடம் காலி.

வாசலில் மகள் பெபி கை நீட்டினாள். தூக்கவில்லை. நேராகக் குளியலறை. லேபிலிருந்து வந்தால் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடுவது என்று நானே போட்ட சட்டம். கதவுக்கு வெளியே அவள் அழுதுகொண்டே நின்றாள். ஒரு வயது நாலு மாதக் குழந்தைக்கு என்ன சட்டம் தெரியும்?

என் கணவர் நேசகுமாரின் அக்கா ஜெபகுமாரி அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "ஊரே மலை ஏறச்சொல்லோ சரவணப் பொய்கைல குளிக்குது. நீ இன்னாடான்னா வூட்டுக்குள்ள வர்றதுக்கே குளிச்சிகினு கீற!"

அண்ணி தைத்துக்கொண்டே பெபியைப் பார்த்துக்கொள்வதால்தான் என்னால் படிக்கப் போக முடிகிறது. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

பெபியின் தொடையிடுக்கில் சிவப்பு. சின்னச் சின்னப் புள்ளிகள். நேற்று இல்லையே. என் கையிலிருந்து போயிருக்குமோ?

ஜூலை 9, புதன்

டாக்டரிடம் போனோம். பூஞ்சையாம். வேர்வை, ஈரம், அவ்வளவுதான். "நான் கெமிஸ்ட்ரி லேபில் வேலை செய்கிறேன், அதனாலயா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டாம் தடவையும் கேட்டேன். "ஈரம்மா, ஈரம்" என்று அவர் சிரித்துவிட்டார். நேசகுமார் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

பவுடர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை துடைத்த பிறகும் போட வேண்டும். சிவப்பு போன பிறகும் ஒரு மாதம் விடக் கூடாது. நேசகுமாரின் பழைய பொதட்டூர்பேட்டை லுங்கிகளை அண்ணி சதுரமாக வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தார். பூ மாதிரி மெத்தென்று இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

6 சதவீதம். பச்சை அரை மணியில் போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

என் கைடு மனோரமா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ரத்தத்தில் இரும்பைப் பிடித்திருப்பதும், இலையில் மக்னீசியத்தைப் பிடித்திருப்பதும் ஒரே குடும்பத்து வளையங்கள். நான் நடுவில் மாங்கனீஸை வைக்கிறேன். கத்தரிப்பூ நிறம் கரும்பச்சை ஆகிவிடும். அதன் வேலை, பெராக்சைடிடமிருந்து ஓர் ஆக்சிஜனை வாங்கி ஸ்டைரீன் என்ற திரவத்திடம் கொடுத்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த நடைக்குத் திரும்புவது. வினையூக்கி என்றால் அதுதான். ஆனால் மாங்கனீஸுக்கு முதுகுப்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு துணை வேண்டும். இமிடசோல் என்ற சின்ன மூலக்கூறு. அது இல்லையென்றால் வேலையே நடக்காது. இருந்தால் நடக்கும், ஆனால் அரை மணியில் வளையமே எரிந்து பச்சை வெளுத்துவிடும்.

இமிடசோலே வேண்டாத வளையம் ஒன்றைச் செய்வேன் என்று சொல்லித்தான் பிஎச்டிக்குப் பதிவு செய்தேன். பெபி வயிற்றில் வருவதற்கு முன்னால். வளையம் செய்தாகிவிட்டது. அது வேலை செய்யவில்லை; நூற்றில் ஐந்தாறு பங்கு ஸ்டைரீன்தான் மாறுகிறது, பச்சையும் போய்விடுகிறது. ஆகஸ்ட் 22 அன்று மதிப்பாய்வுக் குழு. அன்றைக்குக் காட்ட எதுவும் இல்லையென்றால் நீட்டிப்பு கிடையாது. நாலரை வருடமும் போச்சு.

"வேறெதாவது யோசிச்சியா ஷீபா?" என்றார் மேடம். யோசித்தேன். பெபிக்கு மத்தியானம் யாராவது பவுடர் போட்டிருப்பார்களா என்று.

ஜூலை 16, புதன்

எழுபத்தொன்று! எழுபத்தொன்று சதவீதம்! எழுபத்தொன்று!!

நேற்று வைத்த குப்பி. அதுவும் எப்படிப்பட்ட நாள் நேற்று. ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டை கல்யாணத்துக்குப் போன பையையே தூக்கிக்கொண்டு லேபுக்குப் போயிருக்கிறேன். பெபியின் சாமான் பாதி அதிலேயே இருக்கிறது. மூன்றே முக்கால் வண்டியைப் பிடிக்கிற அவசரம். கழுவிய குப்பி காயவில்லை, டிஷ்யூ தீர்ந்துவிட்டது. பையில் இருந்த பெபியின் லுங்கித் துணியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்துவிட்டேன். துவைத்த துணிதான், ஆனாலும் செய்யக் கூடாது. அஃப்ஷா பார்த்துவிட்டாள். அரக்கோணத்துப் பெண், என் ஜூனியர், வாய் சும்மா இருக்காது. "யக்கா, அது இன்னாது, கர்ச்சீப்பா, கொழந்த ஜட்டியா?"

நோட்டில் எழுதினேன்: லேசான கலங்கல். வண்டிக்கு ஓடினேன்.

காலையில் போனால் குப்பி பச்சையாகவே இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க! அவசரத்தில் பெராக்சைடு ஊற்ற மறந்துவிட்டேன் போல என்று அலுப்போடு, எவ்வளவு மாறியது என்று அளக்கும் ஜிசி மெஷினில் ஏற்றினேன். வரைபடத்தில் ஒரு சிகரம் ஏறியது பாருங்கள். நம் மலை மாதிரி. அஃப்ஷா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். இமிடசோல் ஒரு துளி போடவில்லை. என் வளையம் தானே வேலை செய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு பெபியைத் தலைக்குமேல் தூக்கி "எழுபத்தொன்னு" என்றேன். சிரித்து என் முகத்தில் எச்சில் ஒழுக்கினாள்.

ஜூலை 18, வெள்ளி

மேடம் வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூணு தடவ வரட்டும். அப்புறமா ஸ்வீட் வாங்கு."

ஜூலை 22, செவ்வாய்

5.

ஜூலை 24, வியாழன்

7. பச்சையும் போய்விட்டது.

ஜூலை 29, செவ்வாய்

நாலு நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? 4, 6, 5. பெராக்சைடு பாட்டிலை மாற்றினேன். கரைப்பானைப் புதிதாக வடித்தேன். ஜன்னல் வெயில் படுகிறதோ என்று குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்றினேன். சாப்பிடும்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பெபி என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து முழுவதும் தின்று முடித்ததை நான் பார்க்கவில்லை.

பெபியின் சிவப்பு நன்றாக மறைந்துவிட்டது. இந்த ஒரு நல்ல சேதியைத் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

நேசகுமாருக்கு கனகம்மாசத்திரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. என் கெமிஸ்ட்ரியில் ஒரு வார்த்தை தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓடாத நாளையே நோண்டிகினு கீற. அத்த வுடு. ஒரு நாள் ஓடிச்சி இல்ல, அன்னிக்கி இன்னா வேற மாரி இருந்துச்சி? என் கடைக்கு வர்ற விவசாயிங்கள நான் அதான் கேப்பேன்."

"ஒண்ணும் வேற மாரி இல்லீங்க."

"ஆங். அவங்களும் அதான் சொல்லுவாங்க."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? எனக்கு வருவது சிரிப்பா பயமா தெரியவில்லை.

கோயிலிலிருந்து வந்து பெபியைப் பாயில் படுக்கவைத்தேன். துடைத்து, பவுடர் டப்பாவைத் தட்டினேன். மூடி எப்போதும் லூஸ்தான், கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த டம்ளர் தண்ணீரிலும் கொஞ்சம் விழுந்தது. தண்ணீர் கலங்கியது.

லேசான கலங்கல்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணப் பை. அதற்குள் துணி. துணிக்குள் கல்யாணத்தன்று சுருட்டிவைத்த இந்த டப்பா. துணியெல்லாம் பவுடர். அந்தத் துணியை முறுக்கிக் குப்பிக்குள்...

டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஒரு மாதமாக தினம் ஐந்து தடவை கையில் எடுக்கிறேன், ஒரு நாளும் முழுதாகப் படித்ததில்லை. குளோட்ரிமசோல். அண்ணியின் அளவு நோட்டின் பின்னட்டையில் படம் போட்டேன். மூன்று பென்சீன் வளையங்களைச் சுமந்துகொண்டு ஓரத்தில் ஓர் இமிடசோல். இமிடசோலேதான்! இந்த மருந்து பூஞ்சையை அழிப்பதே, அதற்குள் இருக்கும் இரும்புப் போர்ஃபிரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான். எம்எஸ்சியில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். என் குழந்தையின் தொடையில் அதைப் பூசிக்கொண்டே, இமிடசோல் இல்லாமல் வேலை நடந்துவிட்டது என்று கும்மாளம் போட்டிருக்கிறேன்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணி ஓடிவந்தார். "இன்னாம்மா இது, கொழந்தைய அம்மணமா வுட்டுட்டு டப்பாவ படிச்சிகினு கீற! அதும் என் அளவு நோட்டுல இன்னாத்த கிறுக்கன?"

சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைத்தது. அப்படியானால் என் வளையம் தோற்றுவிட்டது. எழுபத்தொன்று என்னுடையது இல்லை.

யாருக்கும் தெரியாது. குழுவுக்கு அந்த ஒரு வரைபடத்தைக் காட்டி, திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால் ஆறு மாதம் கிடைக்கும். ஆறு மாதம். பெபி அதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். என்னம்மா வேலை செய்யறே என்று ஒரு நாள் கேட்பாள்.

இல்லை. நாளைக்குக் காலையில் மேடமிடம் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதிவிட்டேன், இனி மாற்றக் கூடாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

டப்பாவையே கொண்டுபோய் மேடமின் மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், பை, லுங்கித் துணி. மேடம் அசையாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கிறார்! கண்ணில் தண்ணீர் வர. "நாலரை வருஷமா இமிடசோல் வேணாம் வேணாம்னு ஒரு மாலிக்யூல் கட்டினே. உன் பொண்ணு கொண்டுவந்து போட்டுட்டா!"

நானும் சிரித்தேன், பாதி அழுகையோடு. சட்டென்று நிறுத்தினார்.

"இரு. பச்சை ஏன் போகல?"

எனக்குப் புரியவில்லை.

"சாதா இமிடசோல் போட்டா அரை மணியில வெளுக்கும். உனக்கு மறுநாள் காலைல வரைக்கும் பச்சையா இருந்துச்சே. ஏன்?"

ஐயோ. அதை நான் யோசிக்கவே இல்லை. தோற்றதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பவுடரில் மாவும் டால்க்கும் இருப்பதால் அதை நம்ப முடியாது. மருந்தியல் துறையில் கெஞ்சி, சுத்தமான குளோட்ரிமசோல் அரை கிராம் வாங்கிவந்தேன். சாதா இமிடசோல் ஒரு வரிசை, இது ஒரு வரிசை, எதுவுமே போடாதது ஒரு வரிசை. ஒன்பது குப்பிகள். எல்லாவற்றையும் லேப் ஓவனில் காயவைத்தேன். அஃப்ஷா என் கைப்பையைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "உன்ன நம்ப மாட்டேன் யக்கா, பெபி உள்ள பூந்துடுவா."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எதுவும் போடாதது: 6, 4, 5.

சாதா இமிடசோல்: 48, 51, 47. வெளுத்துவிட்டன.

பெபியுடையது: 84, 81, 86. பச்சை. பச்சை. பச்சை.

அதே குப்பியில் திரும்பத் திரும்ப ஸ்டைரீனும் பெராக்சைடும் ஊற்றினோம். ஐந்தாவது தடவையும் பச்சை. அந்த மூன்று வளையங்களும் குறுக்கே நின்று, ஒரு போர்ஃபிரின் இன்னொன்றை எரித்துவிடாமல் மறிக்கின்றன என்று மேடம் நினைக்கிறார். நிரூபிக்க வேண்டும். அதற்கே ஒரு வருட வேலை இருக்கும். ஒரு வருட வேலை இருக்கிறது என்பதில் இவ்வளவு சந்தோஷமா!

மேடம் தானே ஆள் அனுப்பி ஜிலேபி வாங்கினார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். வண்டி முழுக்க மஞ்சள் வேட்டி, காவடி, பம்பைச் சத்தம். அரக்கோணத்தில் அஃப்ஷா இறங்க முடியாமல் என்னோடு திருத்தணி வரைக்கும் வந்துவிட்டாள். ஓர் அம்மாள் தன் பால்குடத்தை அவள் கையில் கொடுத்து, "சிந்தாம புடிச்சிக்கோ தாயி" என்று சேலையைச் சரிசெய்துகொண்டார். அஃப்ஷா மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். லேபில் ஒரு நாளும் அவள் எதையும் அவ்வளவு பத்திரமாகப் பிடித்துப் பார்த்ததில்லை.

வீட்டில் சாப்பிடவைத்து, எதிர் வண்டியில் ஏற்றிவிட்டோம். பெபி அவள் துப்பட்டாவை விடவே இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்று பேர். நடுவில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க முதல் திட்டம் தோத்துப்போச்சுன்னு நீங்களே முதல் ஸ்லைடுல போட்டிருக்கீங்க. சரி. இந்த மருந்த எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? எந்த அடிப்படையில?"

அந்தக் கேள்விக்குப் பத்து நாளாகத் தூங்காமல் கௌரவமான பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது.

"நான் தேர்ந்தெடுக்கல சார். என் பொண்ணுக்கு வேர்வை பட்ட எடத்துல பூஞ்சை வந்துச்சு" என்று தொடங்கி, லுங்கித் துணி வரைக்கும் சொல்லிவிட்டேன். ஓரத்தில் இருந்த அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் கேட்டார்: "கொழந்தைக்குச் சரியாப் போச்சா?"

"போயிடுச்சு மேடம்."

"அப்ப ரெண்டு வேலையும் செஞ்சிருக்கு. எழுதிக்குங்க."

பதினெட்டு மாத நீட்டிப்பு. கையெழுத்தும் ஆகிவிட்டது.

இத்தனை நாளும் லேபிலிருந்து என்னோடு ஏதாவது வீட்டுக்கு வந்து அவளைத் தொட்டுவிடுமோ என்று செத்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து ஒன்று என்னோடு அங்கே போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

இன்று லேபுக்குள் கால் வைக்கவில்லை, புடவை கட்டியிருந்தேன், வாடை இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கினேன். பெபி அண்ணியின் விரலை விட்டுவிட்டு நாலு எட்டு தானாக நடந்து வந்தாள். பழக்கதோஷத்தில் குளியலறைப் பக்கம் ஒரு அடி வைத்தேன். அவளும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்று, அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள்.

குனிந்து தூக்கிக்கொண்டேன்.

அழ மறந்து என் முகத்தையே பார்த்தாள். அண்ணி வாசலிலிருந்து, "இன்னா, இன்னிக்கி குளியல் இல்லியா?" என்றார்.

"அப்புறம் அண்ணி" என்றேன்.